வீடு ஜெர்சியில், வேலை மன்ஹாட்டனில்: மாநில வரியில் எந்த ஏற்பாடு யாருக்கு லாபம்?

எடிசனிலோ ஐஸ்லினிலோ ஜெர்சி சிட்டியிலோ குடியிருந்துகொண்டு மன்ஹாட்டன் அலுவலகத்தில் சம்பளம் வாங்குகிறவர்களிடம் ஒரு பயம் நிலையாக உண்டு: ஒரே சம்பளத்துக்கு இரண்டு மாநிலமும் முழு வரி வாங்கிவிடும் என்று. அப்படி வாங்காது. வேலை நடந்த இடம் என்ற உரிமையில் நியூயார்க் முதலில் எடுத்துக்கொள்ளும். குடியிருக்கும் இடம் என்ற உரிமையில் நியூ ஜெர்சி மொத்தச் சம்பளத்துக்கும் கணக்குப் போட்டு, நியூயார்க்குக்குப் போன வரியைக் கிரெடிட்டாகக் கழித்துக்கொடுக்கும். அந்தக் கிரெடிட்டுக்கு ஒரு வரம்பு இருக்கிறது. அதே வருமானத்துக்கு ஜெர்சி எவ்வளவு கேட்டிருக்குமோ, அதற்கு மேல் ஒரு டாலரும் தராது. ஆக, இரண்டில் எது பெரியதோ அதைத்தான் நீங்கள் கட்டுகிறீர்கள்.

வீட்டை மாற்றலாமா, அலுவலகத்தை மாற்றலாமா, வாரத்தில் எத்தனை நாள் வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று யோசிக்கிறவர்கள் கணக்கில் எடுக்க வேண்டியது இரண்டு மாநில வரிக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை மட்டுமே. அது சின்னதாக இருக்கும் இடத்தில் எவ்வளவு மல்லுக்கட்டினாலும் கைக்கு வருவது சொற்பம். பெரியதாக இருக்கும் இடத்தில் ஒரு படிவத்தைக் கவனிக்காமல் விட்டாலே ஆயிரக்கணக்கில் போய்விடும்.

அடிப்படைக் கணக்கு

தனி நபர், ஆண்டுச் சம்பளம் 150,000 டாலர், வேறு வருமானம் இல்லை, வரி ஆண்டு 2025 என்று வைத்துக்கொள்வோம்.

நியூயார்க்கில் வெளிமாநிலத்தாருக்கான படிவம் ஐடி-203. நீங்கள் ஆண்டு முழுக்க நியூயார்க்கிலேயே வசிப்பதாகப் பாவித்து, மொத்த வருமானத்துக்கும் முதலில் வரி போடுவார்கள். எல்லோருக்கும் உள்ள அடிப்படைக் கழிவான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 8,000 போக 142,000 டாலர். படிநிலை விகிதப்படி 7,952 டாலர் வரி. அதோடு முடியாது. வருமானம் 107,650 டாலரைத் தாண்டியதும், கீழ்ப்படிகளில் கொடுத்த சலுகையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் பிடுங்கும் ஒரு ஒர்க்‌ஷீட் இருக்கிறது. இங்கே அது 481 டாலரைச் சேர்க்கிறது. மொத்தம் 8,433. இந்தத் தொகையை, உங்கள் வருமானத்தில் எத்தனை சதவீதம் நியூயார்க்கில் சம்பாதித்தது என்பதால் பெருக்க வேண்டும். எல்லா வேலை நாளும் மன்ஹாட்டன் என்றால் நூறு சதவீதம், அதாவது 8,433 டாலர் முழுதாக.

நியூ ஜெர்சியின் என்ஜே-1040 படிவத்தில் 1,000 டாலர் எக்ஸெம்ப்ஷன் (வரிவிலக்கு) போக 149,000 டாலருக்கு வரி 7,365. நியூயார்க்குக்குப் போனது இதைவிட அதிகம் என்பதால் ஜெர்சி வரி முழுக்கக் கிரெடிட்டில் கரைந்துவிடும். இதே ஆள் ஜெர்சியிலேயே நெவார்க்கில் வேலை பார்த்திருந்தால் 7,365 மட்டும். ஹட்சன் ஆற்றைத் தாண்டிப் போவதற்கு விலை ஆண்டுக்கு 1,068 டாலர். ஓராண்டு ரயில் பாஸ் செலவுக்குப் பக்கத்தில் வைத்தால் இது சின்னத் தொகை. மன்ஹாட்டன் வேலையில் சம்பளம் இரண்டாயிரம் கூடுதலாகக் கிடைத்தாலே வரி விஷயம் பேச்சிலிருந்து போய்விடும்.

நியூயார்க் நகர வரி பற்றிய குழப்பமும் அடிக்கடி வருகிறது. நகரத்துக்கு வெளியே வசிப்பவர்களிடம் நகரம் வருமான வரி வாங்குவதில்லை. பயணிகள் மீதிருந்த வரி 1999-இல் ஒழிந்தது. யாங்கர்ஸில் வேலை என்றால் மட்டும் வெளியூர்க்காரர்களுக்கும் சம்பளத்தில் 0.5 சதவீதம் உண்டு, அதற்கு ஒய்-203 என்ற தனிப் படிவம்.

வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து

இங்கேதான் பலரும் இடறுகிறார்கள். "வீட்டிலிருந்து வேலை செய்த நாள் ஜெர்சி நாள்தானே, அதற்கு நியூயார்க் எப்படி வரி கேட்கலாம்?" என்பது நியாயமான கேள்வி. நியூயார்க் கேட்கும். உங்களுக்கு ஒதுக்கிய அலுவலகம் நியூயார்க்கில் இருந்து, வீட்டிலிருந்து வேலை செய்வது உங்கள் வசதிக்காக என்றால், அந்த நாளையும் நியூயார்க் நாளாகவே எண்ணுவார்கள். கன்வீனியன்ஸ் விதி என்று இதைச் சொல்வார்கள். நிறுவனத்தின் தேவைக்காக வீட்டில் இருந்தீர்கள் என்று நிரூபித்தால்தான் விலக்கு. மேனேஜர் அனுமதி கொடுத்த மின்னஞ்சலும், நிறுவனத்தின் ஹைப்ரிட் கொள்கையும் அந்த நிரூபணம் ஆகாது. கனெக்டிகட்டில் வசித்து நியூயார்க்கில் பாடம் நடத்திய சட்டப் பேராசிரியர் எட்வர்ட் ஜெலின்ஸ்கி 2003-இல் நியூயார்க் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார். கோவிட் காலத்தை வைத்து மறுபடி தொடுத்த வழக்கிலும் 2025-இல் வரித் தீர்ப்பாயம் அவருக்கு எதிராகவே முடிவு சொன்னது.

ஐடி-203-பி படிவத்தை ஒருமுறை நிரப்பிப் பார்த்தால் விதி புரிந்துவிடும். 365 நாளில் சனி, ஞாயிறு 104, விடுமுறை 10, நோய்விடுப்பு 4, ஆண்டு விடுப்பு 15 கழிந்தால் வேலை நாள் 232. இதில் மன்ஹாட்டனில் 140, வீட்டில் 80, டெக்சாஸ் கிளையண்ட் அலுவலகத்தில் 12 என்று இருக்கட்டும். நியூயார்க்குக்கு வெளியே வேலை செய்த நாள் 92 என்று ஒரு வரியில் எழுதுவீர்கள். அதற்கு அடுத்த வரியே, அந்த 92-இல் வீட்டில் செய்தது எத்தனை என்று கேட்டு 80-ஐக் கழித்துவிடும். மிஞ்சுவது 12. ஆக நியூயார்க் நாள் 220, அதாவது 94.83 சதவீதம். வரி 7,997 டாலர். ஜெர்சி தரும் கிரெடிட் 6,984, ஜெர்சிக்குப் பாக்கி 381. மொத்தம் 8,378.

மென்பொருளில் இந்தக் கேள்வி தெளிவில்லாமல் வரும். "நியூயார்க்குக்கு வெளியே எத்தனை நாள்" என்று மட்டும் படித்துவிட்டு 92 போட்டுவிடுகிறவர்கள் ஏராளம். ரீஃபண்ட் உடனே வந்துவிடும். பிறகு வரித்துறை கடிதம் அனுப்பி, நாட்காட்டி, நிறுவனத்தின் எழுத்துச் சான்று, ஒதுக்கிய அலுவலகம் எது என்பதெல்லாம் கேட்கும். ரீஃபண்டை வட்டியோடு திருப்ப வேண்டியிருக்கும்.

வீட்டையே நிறுவனத்தின் உண்மையான அலுவலகமாகக் காட்டும் வழி ஒன்று 2006-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையில் இருக்கிறது. நிறுவனத்தில் அமைக்க முடியாத சிறப்பு வசதி, உதாரணத்துக்கு ஒரு சோதனைக்கூடம், உங்கள் வீட்டிலோ அதற்குப் பக்கத்திலோ இருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் ஆறு இரண்டாம்நிலைக் காரணிகளில் நான்கும், மற்ற பத்தில் மூன்றும் நிறைவேற வேண்டும். வீட்டில் அலுவலகம் வைப்பது வேலை நிபந்தனை என்று எழுத்தில் இருப்பது, நிறுவனம் உங்களுக்கு வேறு இருக்கை தராமல் இருப்பது, வாடிக்கையாளரை வீட்டு அலுவலகத்தில் வழக்கமாகச் சந்திப்பது, வீட்டு அலுவலகச் செலவில் பெரும்பகுதியை நிறுவனமே ஏற்பது ஆகியவை இரண்டாம்நிலைப் பட்டியலில் வருகின்றன. லேப்டாப்பும் வி.பி.என்.னும் வைத்திருக்கும் ஐ.டி. ஊழியர் இதில் தேறுவது அபூர்வம். மன்ஹாட்டனில் ஒரு ஹாட்-டெஸ்க் (யாருக்கும் நிரந்தரமாக ஒதுக்காத இருக்கை) முன்பதிவு செய்ய முடிகிறது என்பதே வாதத்தைப் பலவீனமாக்கிவிடும்.

ஒதுக்கிய அலுவலகத்தை ஜெர்சிக்கு மாற்றுவது

நிறுவனத்துக்கு ஜெர்சி சிட்டியிலோ நெவார்க்கிலோ கிளை இருந்தால், எச்.ஆர். பதிவிலும் பேரோலிலும் உங்கள் பணியிடத்தை அங்கே மாற்றிக்கொள்வது இதைவிட எளிய வழி. பெயரளவில் மாற்றினால் செல்லாது. மேனேஜரும் குழுவும் இருக்கையும் மன்ஹாட்டனிலேயே இருந்தால், காகிதத்தில் எழுதியிருக்கும் முகவரியைத் தணிக்கையில் ஏற்கமாட்டார்கள். உண்மையிலேயே மாறியிருந்தால், ஆற்றைத் தாண்டி நியூயார்க்கில் கால்வைத்து வேலை செய்த நாட்கள் மட்டும் நியூயார்க் நாட்கள்.

மேலே சொன்ன ஆளுக்கே இதைப் போட்டுப் பார்ப்போம். நியூயார்க் நாள் 140, அதாவது 60.34 சதவீதம், வரி 5,088. ஜெர்சி வரி 7,365-இல் கிரெடிட் 4,444 போக 2,921. மொத்தம் 8,009. கன்வீனியன்ஸ் விதியோடு 8,378, இல்லாமல் 8,009. வித்தியாசம் 369 டாலர். எண்பது வீட்டு நாளுக்கு இது, நாளுக்கு ஐந்து டாலர்கூட இல்லை. நியூயார்க் விட்டுக்கொடுப்பதை ஜெர்சி எடுத்துக்கொள்வதுதான் காரணம். இந்த விதியைப் பற்றி வாட்ஸ்அப் குழுக்களில் கிளம்பும் கோபத்துக்கும் ஜெர்சிவாசியின் பையிலிருந்து போகும் பணத்துக்கும் சம்பந்தமே கிடையாது. உண்மையில் சண்டை இரண்டு மாநிலக் கருவூலங்களுக்கு நடுவில். அதனால்தான் ஜெர்சியும் 2023-இல் பதிலுக்கு ஒரு விதி கொண்டுவந்தது. நியூயார்க் நகரத்தின் குவீன்ஸில் வசித்து, ஜெர்சி நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிறவரிடம் இப்போது ஜெர்சி தன் பங்கைக் கேட்கும். அவர் ஜெர்சியின் வெளிமாநிலத்தார் படிவமான என்ஜே-1040என்ஆர் தாக்கல் செய்துவிட்டு நியூயார்க்கில் கிரெடிட் வாங்க வேண்டும்.

ஜெர்சி அலுவலகக்காரர்கள் 14 நாள் விஷயத்தில் ஏமாறுகிறார்கள். ஆண்டில் 14 நாளுக்கு மேல் நியூயார்க்கில் வேலை செய்யாத வெளிமாநிலத்தாருக்கு நிறுவனம் நியூயார்க் பிடித்தம் செய்ய வேண்டியதில்லை என்று ஒரு ஏற்பாடு உண்டு. அது பிடித்தத்துக்கான சலுகை மட்டுமே. வரி முதல் நாளிலிருந்தே உண்டு.

நகரத்துக்குள் குடியேறினால்

ரயிலும் வேண்டாம், இரண்டு ரிட்டர்னும் வேண்டாம் என்று நியூயார்க் நகரத்துக்குள் வீடு எடுத்தால் நியூயார்க்வாசிக்கான படிவம் ஐடி-201 ஒன்றே போதும். ஆனால் நகர வரி ஒட்டிக்கொள்ளும்: அதே 142,000 டாலருக்கு 5,379. மாநில வரியோடு 13,812. ஜெர்சியிலிருந்து போய்வருகிறவரைவிட 5,379 டாலர் அதிகம். வாடகை வித்தியாசத்தைக் கணக்கிடும்போது இந்தத் தொகையை மாதத்துக்கு 448 டாலர் என்று வாடகையோடு சேர்த்துப் பார்ப்பது சரி.

மிக மோசமான ஏற்பாடு நடுவழி. குடும்பம் ஜெர்சியில், வாரத்தில் இரண்டு மூன்று இரவு தங்க நியூயார்க் நகரத்தின் ஜாக்சன் ஹைட்ஸில் தன் பெயரில் ஒரு வீடு. ஆண்டில் பெரும்பகுதி நியூயார்க்கில் தங்குமிடம் வைத்திருந்து, 183 நாளுக்கு மேல் நியூயார்க்கில் இருந்தால், உங்கள் நிரந்தர வீடு ஜெர்சி என்றாலும் நியூயார்க் உங்களைத் தன் குடியாகவே எடுத்துக்கொள்ளும். நகர வரியும் சேரும். ஒரு நாளில் சில மணி நேரம் இருந்தாலே அது முழு நாள் என்பதால், தினமும் வேலைக்குப் போகிறவர் 183-ஐத் தாண்டுவது நிச்சயம். அதற்குமேல், வட்டி, டிவிடெண்ட், பங்கு லாபம் போன்றவற்றுக்கு இரண்டு மாநிலமும் குடியிருப்பவர் என்ற கணக்கில் வரி கேட்கும். ஒன்றுக்கொன்று கிரெடிட் கிடைக்காது. இரட்டை வரி என்ற பயம் உண்மையாகும் இடம் இதுதான்.

பென்சில்வேனியா, டெக்சாஸ்

பென்சில்வேனியாவில் வரி எல்லோருக்கும் ஒரே விகிதம், 3.07 சதவீதம். அங்கே வசித்து ஜெர்சியில் வேலை செய்தால் 1977-இல் போட்ட ஒப்பந்தப்படி சம்பளத்துக்கு ஜெர்சி வரியே கிடையாது. என்ஜே-165 படிவத்தை நிறுவனத்திடம் கொடுத்தால் ஜெர்சி பிடித்தம் நின்றுவிடும். நம் ஆளுக்கு 4,605 டாலர், ஊரின் வருமான வரி ஒரு சதவீதம் என்றால் இன்னும் 1,500. ஆக 6,105, ஜெர்சிவாசி கட்டும் 7,365-க்கு எதிரே. எதிர்த்திசையில், ஜெர்சியில் வசித்துப் பென்சில்வேனியாவில் வேலை என்றால் அதேபோல் நிறுவனத்திடம் கொடுக்க வேண்டியது ரெவ்-419 படிவம். ஃபிலடெல்ஃபியா நகரத்தின் சம்பள வரி மட்டும் இந்த ஒப்பந்தத்துக்குள் வராது; அதைக் கட்டிவிட்டு ஜெர்சியில் கிரெடிட் எடுக்கலாம்.

ஒப்பந்தம் சம்பளத்துக்கு மட்டும்தான். பேரோல் தவறிப்போய்ப் பென்சில்வேனியா வரியைப் பிடித்திருந்தால் ஜெர்சியில் கிரெடிட் கேட்கக்கூடாது. பென்சில்வேனியா ரிட்டர்னான பிஏ-40 தாக்கல் செய்து அந்தப் பணத்தை அங்கிருந்தே திருப்பி வாங்க வேண்டும். கிரெடிட் கேட்டு மறுக்கப்பட்ட பிறகுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

அதே பென்சில்வேனியாவாசி தினமும் மன்ஹாட்டன் போனால் சொந்த மாநிலத்தின் குறைந்த விகிதத்தால் சம்பளத்தில் ஒரு பயனும் இல்லை. நியூயார்க் 8,433 வாங்கிவிடும், பென்சில்வேனியா 4,605 வரை கிரெடிட் தந்து பூஜ்யமாக்கும், அவ்வளவுதான். ஆனால் இவருக்கு ஒவ்வொரு வீட்டு நாளும் நியூயார்க் கணக்கிலிருந்து வெளியே வந்தால் நாளுக்கு 16 டாலருக்கு மேல் மிச்சம். எண்பது நாளுக்கு 1,300 டாலர். அலுவலக ஒதுக்கீட்டை மாற்றச் சொல்லி எச்.ஆர். கதவைத் தட்டுவதில் இவருக்கு அர்த்தம் இருக்கிறது.

இன்னும் பெரிய தொகை டெக்சாஸ், ஃப்ளோரிடா பக்கம் போனவர்களுக்கு. டல்லாஸில் வீடு வாங்கி, வேலையை மட்டும் மன்ஹாட்டனில் வைத்துக்கொண்டு, ஆண்டில் 20 நாள் வந்துபோகிறவர் என்று வைத்துக்கொள்வோம். ஒதுக்கிய அலுவலகம் மன்ஹாட்டன் என்றே இருந்தால் வீட்டு நாளெல்லாம் நியூயார்க் நாளாகி 8,433 டாலர். சொந்த மாநிலத்தில் வருமான வரியே இல்லாததால் கிரெடிட் என்ற பேச்சுக்கே இடமில்லை. டெக்சாஸ் கிளைக்கு முறையாக மாற்றியிருந்தால் 20 நாளுக்கு மட்டும், 727 டாலர். வீடு மாறும் முன்பே எச்.ஆர்.இடம் எழுத்தில் முடிக்க வேண்டிய விஷயம் இது.

கணவன் ஒரு மாநிலம், மனைவி ஒரு மாநிலம்

கணவர் மன்ஹாட்டனில் 150,000, மனைவி ஜெர்சியில் 100,000 சம்பாதிக்கும் ஜெர்சி வீடு. ஃபெடரலில், அதாவது மத்திய அரசு வரியில், கூட்டாகத் தாக்கல் செய்தால், இருவரும் நியூயார்க்குக்கு வெளியே வசிப்பவர்கள் என்றால், நியூயார்க்கிலும் கூட்டாகத்தான் செய்ய வேண்டும். அங்கே கால்வைக்காத மனைவியின் பெயரும் ஐடி-203-இல் வரும். அவர் சம்பளத்துக்கு நியூயார்க் வரி போடாது, ஆனால் விகிதத்தை நிர்ணயிக்க அதைச் சேர்த்துக்கொள்ளும். 250,000-க்குப் போட்ட வரி 14,037. அதில் 60 சதவீதம் 8,422. மனைவிக்கு வருமானமே இல்லாதிருந்தால் 7,316. ஜெர்சிச் சம்பளம் நியூயார்க் வரியை 1,106 டாலர் ஏற்றிவிட்டது. ஜெர்சியில் மொத்த வரி 11,755, கிரெடிட் 7,053, கட்ட வேண்டியது 4,702. இதில் மனைவியின் நிறுவனம் பிடித்தது போக மீதியை ஏப்ரலில் பார்த்துத் திகைப்பவர்கள் உண்டு.

தாக்கல் செய்யும்போது

வரிசை மாறக்கூடாது: ஃபெடரல், பிறகு வேலை செய்த மாநிலம், கடைசியில் குடியிருக்கும் மாநிலம். ஜெர்சியின் கிரெடிட் அட்டவணையான என்ஜே-சிஓஜே, நியூயார்க் ரிட்டர்னில் முடிவான வரியைக் கேட்கிறது. நிறுவனம் தரும் ஆண்டுச் சம்பளச் சான்றான டபிள்யூ-2-இன் 17-ஆம் கட்டத்தில் இருப்பது பிடித்த தொகை மட்டுமே. அதை எடுத்து எழுதுவதுதான் எல்லாவற்றிலும் பரவலான தவறு.

டபிள்யூ-2-இன் 16-ஆம் கட்டம் இன்னொரு தலைவலி. நீங்கள் நியூயார்க்கில் பத்து நாள் வேலை செய்திருந்தாலும், அங்கே முழு ஆண்டுச் சம்பளத்தையும் நியூயார்க்குக்கான வரிசையில் காட்ட வேண்டும் என்பது அந்த மாநிலத்தின் விதி. கீழே ஜெர்சிக்கும் ஒரு முழுத் தொகை இருக்கும். கூட்டிப் பார்த்தால் சம்பளம் இரண்டு மடங்காகத் தெரியும். டபிள்யூ-2 தவறென்று திருத்தக் கேட்கத் தேவையில்லை. எத்தனை நாள் என்ற பங்கீடு ஐடி-203-பி படிவத்தில் நடக்கும்; மென்பொருள் அந்தப் படிவத்தைத் தானாகத் திறக்காவிட்டால் தேடித் திறக்க வேண்டும்.

இரண்டு மாநிலத் தொகையும் பொருந்தாமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஓய்வுக்காலச் சேமிப்பான 401(கே)-க்குப் போடும் பணத்தை ஜெர்சி விட்டுவிடும், ஆனால் சம்பளத்திலிருந்து வரிக்கு முன் பிடிக்கும் மருத்துவக் காப்பீட்டுத் தவணை, மருத்துவச் செலவுக்கு ஒதுக்கும் கணக்குகளான எஃப்.எஸ்.ஏ., எச்.எஸ்.ஏ. ஆகியவற்றை வருமானமாகவே எண்ணும். தவணை ஆண்டுக்கு 4,000 என்றால் ஜெர்சிச் சம்பளம் 154,000, நியூயார்க்கில் 150,000. கிரெடிட் 154-இல் 150 பங்குக்குத்தான். ஜெர்சி வரி 7,620, கிரெடிட் 7,422, மீதி 198 டாலர். தினமும் மன்ஹாட்டன் போயும் ஜெர்சிக்கு இருநூறு டாலர் ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். சிஓஜே-யின் முதல் வரியில் இரண்டு மாநிலமும் வரி போட்ட தொகையை, அதாவது 150,000-ஐ எழுத வேண்டும். 154,000 எழுதினால் கிரெடிட் கூடிவிடும், பிறகு நோட்டீஸ் வரும்.

ஜெர்சியில் வாடகைக்கு இருப்பவர் வாடகையில் 18 சதவீதத்தைச் சொத்துவரியாக எண்ணி 15,000 டாலர் வரை கழிக்கலாம், இல்லையென்றால் 50 டாலர் கிரெடிட் வாங்கலாம். ஜெர்சி வரி ஏற்கெனவே பூஜ்யமாகும் நிலையில் கழிவு எதற்கும் உதவாது. 50 டாலரோ கையில் வரும். இரண்டையும் போட்டுப் பார்த்து எடுக்கவும்.

ஜெர்சிக்கு ஒன்றும் பாக்கி இல்லை என்பதால் என்ஜே-1040 தாக்கல் செய்யாமல் விடுவது வேறொரு பழக்கம். தனி நபருக்கு 10,000, தம்பதிக்கு 20,000 டாலருக்கு மேல் வருமானம் இருந்தால் தாக்கல் கட்டாயம். கிரெடிட் என்பது கேட்டால்தான் கிடைக்கும்.

சம்பளத்துக்கு வெளியே வரும் பணம்

வங்கி வட்டி, டிவிடெண்ட், பங்கு விற்ற லாபம் ஆகியவற்றுக்கு வெளியே வசிப்பவரிடம் நியூயார்க் வரி கேட்காது. ஜெர்சி கேட்கும், அதற்குக் கிரெடிட் கிடையாது. வெளிநாட்டில் சம்பாதித்ததை இந்திய வங்கியில் போட்டுவைக்கும் என்.ஆர்.இ. வைப்பின் வட்டி இந்தியாவில் வரியற்றது. ஃபெடரலிலும் ஜெர்சியிலும் வரிக்கு உட்பட்டது. இந்திய வருமானத்தைப் போட்டுவைக்கும் என்.ஆர்.ஓ. கணக்கின் வட்டியில் இந்தியாவில் முன்கூட்டியே பிடித்த வரியான டி.டி.எஸ்.ஐ ஃபெடரலில் படிவம் 1116 மூலம் கழிக்கலாம். ஜெர்சி வெளிநாட்டு வரிக்கு எந்தக் கிரெடிட்டும் தராது. அந்த ஒரு வருமானத்தில் இந்தியாவுக்கும் ஜெர்சிக்கும் கட்டித்தான் ஆகவேண்டும்.

இந்தத் தொகைக்கு யாரும் பிடித்தம் செய்வதில்லை. ஜெர்சிக்குப் பாக்கி 400 டாலரைத் தாண்டுமென்றால் என்ஜே-1040-இஎஸ் மூலம் ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, ஜனவரி 15 தவணைகளில் கட்டிவிட வேண்டும். நியூயார்க்கில் அந்த வரம்பு 300. வேறு வழி, என்ஜே-டபிள்யூ4 படிவத்தில் ஒவ்வொரு சம்பளத்திலும் கூடுதல் பிடித்தம் கேட்பது. நிறுவனத்துக்கு ஜெர்சியில் பதிவே இல்லையென்றால் பிடிக்காது, அப்போது தவணைதான். ஜெர்சி அலுவலகத்துக்கு ஒதுக்கப்பட்டு இடையிடையே நியூயார்க் போகிறவர்கள் ஐடி-2104.1 படிவத்தில் நியூயார்க் சதவீதத்தை நிறுவனத்திடம் கொடுத்துவைத்தால், ஆண்டு முழுக்க நியூயார்க்குக்கு முழுதாகப் பிடித்துக்கொடுத்து, ரீஃபண்டுக்குக் காத்திருக்கும் நிலை வராது.

மற்ற மாநில ஜோடிகள்

வர்ஜீனியா, மேரிலாந்து, வாஷிங்டன் டி.சி. மூன்றுக்குள்ளும் வசிக்கும் இடத்தில் மட்டும் சம்பள வரி. மேரிலாந்தில் எம்டபிள்யூ507, வர்ஜீனியாவில் விஏ-4 கொடுத்தால் போதும். இங்கே ஒப்பீட்டுக்கே வேலையில்லை. மேரிலாந்தில் வசித்து டெலவேரில் வேலை என்றால் ஒப்பந்தம் கிடையாது, டெலவேருக்கும் கன்வீனியன்ஸ் விதி உண்டு. மேரிலாந்துவாசிக்குக் கவுண்டி வரிக்கும் கிரெடிட் தர வேண்டும் என்று 2015-இல் வின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பழைய மென்பொருள் பழக்கத்தில் மாநிலப் பங்குக்கு மட்டும் எடுத்துவிட்டு விடாதீர்கள்.

கலிஃபோர்னியாவாசி அரிசோனாவிலோ ஓரிகனிலோ வர்ஜீனியாவிலோ சம்பாதித்தால் வரிசையே தலைகீழ். கிரெடிட்டை வேலை செய்த மாநிலத்தின் ரிட்டர்னில் எடுக்க வேண்டும், ஆகவே கலிஃபோர்னியா ரிட்டர்னை முதலில் முடிக்க வேண்டும்.

வாஷிங்டன் மாநிலத்தின் வான்கூவரில் வசித்து ஓரிகனில் வேலை பார்ப்பவர்களுக்குத்தான் வீட்டு நாள் உண்மையான பணம். வாஷிங்டனில் சம்பள வரி இல்லை. சாதாரண ஊழியருக்கு ஓரிகனில் கன்வீனியன்ஸ் விதியும் இல்லை. 150,000 டாலர் சம்பளக்காரர் ஒரு நாள் வீட்டில் வேலை செய்தால் ஏறத்தாழ 55 டாலர் ஓரிகன் வரி மிச்சம்; ஜெர்சிக்காரருக்கு அதே நாள், எல்லாம் கூடிவந்தால், ஐந்து டாலர்கூடத் தராது. ஓஆர்-40-என் படிவத்தில் நாள் பங்கீட்டுக்கு ஆதாரமாக அலுவலக நுழைவு அட்டைப் பதிவையும் நாட்காட்டியையும் வைத்துக்கொள்வது நல்லது.

மென்பொருளா, சி.பி.ஏ.வா

ஒரே நிறுவனம், ஒரே டபிள்யூ-2, ஆண்டு முழுக்க ஒரே வீடு என்றால் மென்பொருளே போதும். மேலே சொன்ன மூன்று நான்கு இடங்களில் கண்ணை வைத்தால் சரி. ஆண்டு நடுவில் மாநிலம் மாறியவர்கள், நிறுவனம் ஊதியத்தின் பகுதியாகத் தந்து சில ஆண்டில் உறுதியாகும் பங்கான ஆர்.எஸ்.யூ. வாங்கியவர்கள், இரண்டு மாநிலத்திலும் வீடு வைத்திருப்பவர்கள் காசு கொடுத்து ஒரு சி.பி.ஏ.வை, அதாவது உரிமம் பெற்ற கணக்காளரை, வைப்பது நல்லது. ஆர்.எஸ்.யூ.வை நியூயார்க், பங்கு உறுதியான நாளை மட்டும் பார்க்காமல், கொடுத்த நாளிலிருந்து உறுதியான நாள் வரை எங்கே வேலை செய்தீர்கள் என்று பங்கிடும். ஜெர்சி கிளைக்கு மாறி இரண்டு ஆண்டு ஆனபிறகு உறுதியாகும் பங்கிலும் நியூயார்க்குக்கு ஒரு பகுதி இருக்கும். மென்பொருள் இதைத் தானாகக் கேட்காது. சி.பி.ஏ.வைத் தேர்வு செய்யும்போது, ஐடி-203-பி படிவத்தில் வீட்டு நாளை எந்த வரியில் போடுவார் என்று கேட்டுப் பாருங்கள். நியூயார்க்குக்கு வெளியே உள்ள நாளில் சேர்த்துவிடலாம், யாரும் பார்க்கமாட்டார்கள் என்று சொல்பவரிடமிருந்து வெளியே வந்துவிடுவது உத்தமம்.

நியூயார்க் பிற்பாடு உங்கள் நாள் கணக்கை ஏற்காமல் கூடுதல் வரி கேட்டால், அதைக் கட்டியதும் நியூயார்க் நோட்டீஸின் நகலோடு திருத்த ரிட்டர்னான என்ஜே-1040எக்ஸ் தாக்கல் செய்து ஜெர்சியில் கூடுதல் கிரெடிட் வாங்க வேண்டும். பணம் நியூயார்க்குக்குப் போய்விட்டது, ஜெர்சியோ அதே வருமானத்துக்கு முன்பே வரி வாங்கி வைத்திருக்கிறது; கேட்காவிட்டால் அது அங்கேயே தங்கிவிடும். ரீஃபண்ட் கேட்க ஜெர்சி பொதுவாகக் கொடுக்கும் அவகாசம் ரிட்டர்ன் தாக்கல் செய்ததிலிருந்து மூன்று ஆண்டு. நியூயார்க் தணிக்கை அந்த மூன்றாம் ஆண்டின் கடைசியில்கூட வரலாம் என்பதால், முதல் கடிதம் வந்த அன்றே ஜெர்சியின் காலக்கெடுவையும் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.